இறக்கு ஸ்டெப்

ஜனவரி 4, ஞாயிறு

போன் நோட்ஸ்ல எழுதுறேன். எவனாவது எடுத்துப் படிச்சீங்க, வயித்துல புண்ணு வரும். சாபம்.

எதுக்கு எழுதுறேன்னா, இன்னிக்கு என் வாழ்க்கையோட ரெண்டு பாதியும் நேருக்கு நேர் மோதிருச்சு!

முதல் பாதி, வேல. எங்க மாமா இசக்கிராஜ், அம்மாவோட கூடப்பொறந்த தம்பி. கோவில்பட்டில "ஒரே வாய் இசக்கி"ன்னு கேட்டா ஆட்டோக்காரர் வீட்டு வாசல்லயே எறக்கி விட்ருவாரு. சாப்பாட்டு சேனல். முழு வடை, முழு இட்லி, மடிச்ச முழு பரோட்டா, எதா இருந்தாலும் ஒரே வாய்தான். கேமரா நான், எடிட்டிங் நான், கமெண்ட்ல திட்டுறவனத் திருப்பித் திட்டுறதும் நான்.

ரெண்டாவது பாதி, என் உசுரு. இன்ஸ்டால "குழாயடி ரசிகர் மன்றம்". தண்ணிக் குழாய் இல்ல, உணவுக்குழாய். அதுல ஆரம்பிச்சு இரைப்பை, அப்புறம் சிறுகுடலோட தலப்பு, அவ்ளோதான் எங்க ஏரியா. பெருங்குடல் பத்திப் பேசுனா பிளாக்.

நான் படிக்கிறது பி.காம். ஏதோ ஒரு வெளிநாட்டு காலேஜ்காரன் மைக்ராஸ்கோப் ஸ்லைட எல்லாம் நெட்ல ஓசில போட்டு வச்சிருக்கான். ஒருநாள் தெரியாம உள்ள விழுந்தேன், இன்னும் எந்திரிக்கல. எல்லாமே ரோஸ் மில்க் கலரும் கத்திரிப்பூ கலரும். உணவுக்குழாயோட உள்பக்கத்துல தட்டத் தட்டையா செல்லு, அடுக்கு மேல அடுக்கு, அப்படியே பரோட்டா. சூடா எது வந்தாலும் மேலடுக்கு பிஞ்சு போகும், கீழருந்து புதுசு வரும். இரைப்பைல வேற கத. ஒசரமான செல்லு ஒத்த வரிசையா முளைப்பாரி மாதிரி நிக்கும். இந்த பரோட்டாவும் அந்த முளைப்பாரியும் சந்திக்கிற எடத்துல ஒரு கோடு இருக்கு பாருங்க... முதல் தடவ பாத்தப்ப அழுதுட்டேன். எல்லைக்கோடு!

சரி, மோதல். எங்க எடிட்டிங்ல ஒரே ஒரு சட்டம். வாய்க்குள்ள போகுது, கட், மாமா சிரிக்காரு. நடுவுல மெல்லுறது முழுங்குறது எல்லாம் குப்பைக்கு. "எவன்ட்டி அடுத்தவன் முழுங்குறத உக்காந்து பாப்பான்?"ம்பாரு மாமா. இன்னிக்கு நெய் ரோஸ்ட் வீடியோவ வெட்டுறேன், அந்தக் குப்பை மட்டும் மொத்த வீடியோவ விட நீளமா இருக்கு! தண்ணி குடிக்காரு. நெஞ்சத் தட்டுறாரு. மறுபடி தண்ணி. அப்புறம் எந்திரிச்சு ஸ்டெப்பு போடுறாரு.

ஸ்டெப்பப் பத்தி சொல்லணும்ல. ரெண்டு கையையும் மேல தூக்கி, நெஞ்ச முன்னால தள்ளி, தலய பின்னால சாச்சு, குதிகால்ல ரெண்டு குதி. போன வருஷம் ஒருநாள் சும்மா ஆடுனாரு, நான் பின்னால ஒரு குத்து பீட்டப் போட்டு "இறக்கு ஸ்டெப்"னு பேரு வச்சு விட்டேன். பத்திக்கிச்சு. இப்ப ஸ்கூல் ஆண்டு விழால ஆடுதுங்க.

"மாமா, நெஞ்சுல நிக்குதா?"

"கேஸ்ட்டி மருமவளே."

கேஸாம்! மாமா, அது ரிஃப்ளக்ஸ்! கீழ இருக்க அமிலம் மேல ஏறி வர்றது! தெனம் தெனம் அது வந்து கொட்டுச்சுன்னா எல்லைக்கோட்டுல இருக்க தட்டை செல்லுங்க தாக்குப் பிடிக்க முடியாம கட்சி மாறிரும். குடல் கட்சி வேட்டியக் கட்டிக்கிட்டு நிக்கும். பேரட்ஸ்னு பேரு. கட்சி மாறுனதுக்கு அத்தாட்சி யாருன்னா கோப்லெட் செல்லு. தொந்தி தொந்தியா, வழுவழுன்னு சளிய நெரப்பிக்கிட்டு, கூஜா மாதிரி. என் நம்பர் ஒன் நட்சத்திரம்.

அது எங்க வீட்டுக்குள்ளயே இருக்கா? குதிக்கிறேன். சந்தோஷத்துல.

ஜனவரி 6, செவ்வாய்

அம்மா மாவரைச்சு முடிச்சு வழிச்சுட்டு இருந்தா. மெதுவா கேட்டேன், "தாத்தாவுக்கு கடைசில என்னம்மா வந்துச்சு?"

அம்மா மிக்சியப் போட்டுட்டா. ஜார்ல ஒண்ணுமே இல்ல. சும்மா ஓடுச்சு.

அம்மாவப் பெத்த தாத்தாவ நான் பாத்ததில்ல. கஞ்சி கூட இறங்காமப் போனாருன்னு ஒரு தடவ கல்யாண வீட்டுல யாரோ சொன்னாங்க. அதுக்கு ஒரு வார்த்த இருக்கு. நான் எழுத மாட்டேன். என் பேஜ்லயும் அதுக்கு எடமில்ல. எங்களது ஜாலியான பேஜ்.

ஜனவரி 9, வெள்ளி

பாண்டித்துரை அண்ணாச்சி வந்தாரு. பைபாஸ்ல புது ஹோட்டல் தொறக்காரு, 25ஆம் தேதி. மாமாவுக்குன்னே ஒரு ஸ்பெஷல்: "தலகாணி இட்லி". ஒத்த இட்லி, கைக்குழந்தைய தூங்க வைக்கலாம் போல. அத மேடைல ஒரே வாய்ல. லைவ்.

"லைவா?"ன்னேன்.

"பின்ன? ஃபிளெக்ஸ் அடிக்கக் குடுத்தாச்சு. தம்பி வாயத் தொறந்துட்டு நிக்க மாதிரி, பத்தடி. வாய்க்குள்ள எங்க ஹோட்டல் அட்ரஸ்."

மாமா சிரிச்சாரு. லைவுன்னா கட் கெடையாது. அது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

அண்ணாச்சி போனதும் சொன்னேன். "மாமா, அதுக்கு முன்னால ஒரு எண்டோஸ்கோப்பி பாத்துருவோம். வாய் வழியா ஒரு கேமரா விடுவாங்க, அவ்ளோதான்."

"ஏட்டி, கேமராவப் பாத்து நான் திங்கலாம். கேமராவத் திங்கச் சொல்லுத?"

"அதான் மாமா கன்டென்ட்டு!"

"உன் மொகரக்கட்ட. போயி தம்ப்நெயில் போடு."

ஜனவரி 11, ஞாயிறு

மாமா வெயிட் மெஷின்ல ஏறுனாரு. மெஷின் ரிப்பேர்னாரு. நான் ஏறிப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

பால் பொங்குச்சு. தெருவுல பிள்ளைங்க எல்லாம் "பொங்கலோ பொங்கல்" சொல்லிட்டு இறக்கு ஸ்டெப்பு ஆடுச்சுங்க. மாமா தன் பங்கு சக்கரப் பொங்கல எடுத்துட்டு "காக்காவுக்கு வச்சுட்டு வாரேன்"னு மாடிக்குப் போனாரு. போனவரு போனவருதான்.

அம்மாவும் நானும் வத்தல் எடுக்கப் போறோம், அங்க மாமா எங்களுக்கு முதுகக் காட்டிட்டு தனியா ஆடிட்டு இருக்காரு. பாட்டு இல்ல. கை மேல, நெஞ்சு முன்னால, ரெண்டு குதி. மறுபடி. மறுபடி.

"என்னத்துக்குட்டி இவன் ஒத்தைல ஆடுதான்?"

"பிராக்டீஸ்மா. 25 வருதுல்ல."

"நல்லாத்தான் ஆடுதான்"னுட்டு அம்மா வத்தல எடுக்காமலே எறங்கிட்டா.

சாயங்காலம் மாமா தலகாணில சோத்துப் பருக்கை. "எறும்பு தூக்கிட்டு வந்திருக்கும்"னாரு. எந்த எறும்புடா?

ஜனவரி 18, ஞாயிறு

பேஜ்ல போஸ்டர் போட்டேன். மாலை, ரோசாப்பூ, பறக்குற புறா எல்லாம் வச்சு, நடுவுல கோப்லெட் செல்லு. "விரைவில்! நம்ம ஏரியாவில்! அண்ணன் வருகிறார்!" செம ரெஸ்பான்ஸ்.

மாமா லைக் போட்டிருந்தாரு. "யாருட்டி இந்த அண்ணன்?"னாரு. டப்புன்னு போன ஆஃப் பண்ணிட்டேன். ஏன்னு தெரியல.

ஜனவரி 25, ஞாயிறு

வரிசையா எழுதுறேன். இல்லேன்னா கொழம்பிரும்.

பந்தல்ல கூட்டம் தாங்கல. ஃபிளெக்ஸ்ல மாமா வாயப் பொளந்துட்டு நிக்காரு, வாய்க்குள்ள அட்ரஸும் பார்சல் நம்பரும். தவில் செட்டு ரெடி. தலகாணி இட்லி வாழையெலைல வந்துச்சு, ரெண்டு பேரு தூக்கிட்டு வந்தாங்க. சும்மா பந்தாவுக்கு.

நான் மேடைக்குக் கீழ போன ஸ்டாண்ட்ல வச்சு லைவ் விட்டேன். மாமா கும்பிட்டாரு. வாயத் தொறந்தாரு. இட்லி பாதி மடங்கி, மிச்சமும் மடங்கி, உள்ள போயிருச்சு. விசில். மாமா மென்னாரு, முழுங்குனாரு, கையத் தூக்கிட்டாரு. தவில் ஆரம்பிச்சுது.

ஒரு ஸ்டெப்பு. கூட்டமும் ஆடுச்சு. இன்னொண்ணு. தண்ணி குடிச்சாரு, அதுவும் உள்ள போகல, கழுத்துல நிக்குது எனக்குத் தெரியுது. மறுபடி ஆடுனாரு. தவில்காரர் மாமாவோட குதியப் பாத்துட்டு வேகத்தக் கூட்டுனாரு. கூட்டத்துக்கு வெறி ஏறிருச்சு. மாமா நிறுத்தாம ஆடுறாரு, நெத்தி நரம்பு பொடச்சுருச்சு, கண்ணுல தண்ணி ஊத்துது. ஸ்கிரீன்ல ஹார்ட்டா பறக்குது. "மாமா எமோஷனல் ஆயிட்டாரு", "இதான்டா டெடிகேஷன்". அண்ணாச்சி வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஆடுறாரு. பந்தல் மொத்தமும் ஆடுது.

மாமா என்னப் பாத்தாரு.

என் வெரல் தன்னால கட் பண்ற எடத்தத் தேடுச்சு. லைவுல அது இல்ல. போன ஸ்டாண்டோட கீழ தள்ளி விட்டுட்டு மேடைல ஏறுனேன். மாமாவ ஃபிளெக்ஸுக்குப் பின்னால இழுத்துட்டுப் போனேன். மூங்கிலப் பிடிச்சுட்டு குனிஞ்சாரு, எல்லாம் வெளிய வந்துச்சு.

இட்லி. வெள்ளையா, அப்படியே. குனிஞ்சு பாத்தேன். மோந்தும் பாத்தேன், நான் ரசிகை, என்ன பண்ண. புளிப்பே இல்ல. ரிஃப்ளக்ஸுன்னா புளிக்கணுமே? அமிலம் பக்கமே போகலையே இது?

முன்னாடி "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"னு கத்துறாங்க. அண்ணாச்சி எட்டிப் பாத்து, "என்ன தம்பி, உப்பு கூடிட்டா?"ன்னாரு.

அவர் போனதும் மாமா துண்டால வாயத் தொடச்சுட்டு சொன்னாரு. "மருமவளே. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

எழுதிட்டேன்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம், ஆஸ்பத்திரில ஓபி லீவு. அம்மா டிவில அணிவகுப்பு பாத்துட்டு இருந்தா. நான் பழைய ஹார்ட் டிஸ்க்கக் கிண்டி, இத்தன நாளா வெட்டி எறிஞ்ச மாமா முழுங்குற துண்ட எல்லாம் தேதி வாரியா ஒட்டுனேன். டாக்டருக்குக் காட்ட. பேக்ரவுண்ட் மியூசிக் போடல.

போஸ்டர டெலீட் பண்ணிட்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. டாக்டர் ஜெபசெல்வி, வயித்து ஸ்பெஷலிஸ்ட். ஒல்லியா, கண்ணாடி, எழுதிட்டே பேசுறவங்க.

"எத்தன நாளா இருக்கு?"

"ரெண்டு வாரமா லேசா..."ன்னாரு மாமா.

நான் போன நீட்டுனேன். "மேடம், இது போன வருஷத்துல இருந்து."

மேடம் பாத்தாங்க. பக்கத்துல இருந்த நர்ஸக்கா எட்டிப் பாத்துட்டு, "ஐயோ மேடம், ஒரே வாய் இசக்கி! எங்க பாப்பா இந்த ஸ்டெப்புதான் ஆண்டு விழால ஆடுச்சு!"ன்னு கையையே தூக்கிட்டாங்க.

மேடம் சிரிக்கல. வீடியோவ நிறுத்திட்டு மாமாவப் பாத்தாங்க. "இது டான்ஸ் இல்ல. கையத் தூக்கி நெஞ்ச நிமித்துனா உள்ள அழுத்தம் கூடும், நிக்கிற சாப்பாடு கொஞ்சம் எறங்கும். யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல மேடம்"னாரு மாமா. "உடம்பா ஆடிருச்சு."

"என்கிட்ட வர்ற ஆளுங்கள்ல சில பேரு பந்தில எந்திரிச்சு நின்னு இதத்தான் பண்ணுவாங்க. என்ன, தவில் இருக்காது."

ஒரு ஊரே சேந்து ஒரு நோயோட அறிகுறிய ஆடிட்டு இருந்திருக்கோம்! அதுக்கு பீட்டு போட்டவ நான்!

வாயச் சும்மா வச்சுட்டு இருந்திருக்கலாம். "மேடம், பேரட்ஸா இருக்குமோ? எல்லைக்கோட்டுல கோப்லெட் செல்லு..."

"நீ மெடிக்கலாம்மா?"

"பி.காம்."

"செல்லு இருக்கட்டும். இந்த ரெண்டாவது துண்டப் பாரு. பரோட்டா இல்ல, வெறும் தண்ணி. தண்ணியே நிக்குது. ஆரம்பத்துலயே. நீ இத எத்தன தடவ பாத்திருப்ப?"

நான் வெட்டிருக்கேன் மேடம். பாத்ததில்ல. (இத அவங்ககிட்ட சொல்லல.)

ஜனவரி 30, வெள்ளி

ஸ்கோப்பு. மாமா போட்ட கண்டிஷன்: வெளிய நின்னு நான் ஷூட் பண்ணணும், ரிவ்யூ வீடியோவா. தொண்டைல மரத்துப் போற மருந்து அடிச்சாங்க. மாமா கேமராவப் பாத்து, "மக்களே, வாழப்பழ வாசம் வருது, கசக்குது, நாக்கக் காணோம்"னாரு. கட்டை வெரலக் காட்டிட்டு உள்ள போனாரு. கதவு மூடுனதும் கேமராவ நிறுத்திட்டேன்.

அப்புறம் வெள்ளையா ஒண்ணக் குடிக்கக் குடுத்து எக்ஸ்ரே. மேடம் படத்த வெளிச்சத்துல வச்சுக் காட்டுனாங்க. உணவுக்குழாய் மேல பானை மாதிரி ஊதிப்போயி, அடில சட்டுன்னு கூம்பி, கிளி மூக்கு மாதிரி ஒரு நுனி. அந்த நுனி வழியா வெள்ள ஒரு நூலு மாதிரி ஒழுகுது.

"நான் நெனக்கிறது அகலேசியா"ன்னாங்க. "கீழ ஒரு கதவு மாதிரி தசை இருக்கு. முழுங்கும்போது தொறக்கணும். இவருக்குத் தொறக்கல."

"உள்தோலு?"

"ஊறிப்போயி லேசா செவந்திருக்கு, அவ்ளோதான். ஆனா அந்த நுனில வேற ஏதும் ஒளிஞ்சுட்டு கதவ நெரிக்கக் கூடாதுல்ல? சதை எடுத்து அனுப்பிருக்கேன். வரட்டும்."

"வேற ஏதும்"னு சொன்னப்ப அம்மா மாமா கையப் பிடிச்சா. மாமா கைய உருவிக்கல.

பிப்ரவரி 1, ஞாயிறு

அகலேசியா படிச்சேன். உள்தோலுக்கும் கீழ ரெண்டு அடுக்கு தசை இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல அங்கங்க கூட்டம் போட்டு உக்காந்திருக்கும் நரம்பு செல்லுங்க. "சாப்பாடு வருது, கதவத் தொற"ன்னு சொல்றது அதுங்கதான். ஒவ்வொண்ணா காணாமப் போயிருமாம், ஏன்னு இன்னும் சரியாத் தெரியலயாம். கத்துறதுக்கு ஆளில்லாம கதவு மூடியே கெடக்கும்.

என் பேஜ்ல போயித் தேடுனேன், அந்த அடுக்கப் பத்தி ஒரு போஸ்ட்டாவது போட்டிருக்கேனான்னு. ஒண்ணு கூட இல்ல. எல்லாப் படத்துலயும் உள்தோல மட்டும் சதுரமா வெட்டிருக்கேன். மத்தது அழகா இல்லன்னு.

பிப்ரவரி 3, செவ்வாய்

செண்பகவல்லி அம்மன் கோயில். கண்ண மூடி நின்னு சொன்னேன்: தாயே, கோப்லெட் செல்லு இருக்கக் கூடாது. ஒண்ணு கூட. கட்சி யாரும் மாறியிருக்கக் கூடாது. அந்த இன்னொண்ணும் இருக்கக் கூடாது, பேரு உனக்கே தெரியும்.

தன்னோட நட்சத்திரம் வரக் கூடாதுன்னு தேங்கா ஒடச்ச ஒரே ரசிகை நானாத்தான் இருப்பேன்.

பிப்ரவரி 4, புதன்

மாமா கஞ்சி. மாமா ஆட்டம். அண்ணாச்சி போன் பண்ணி, அடுத்து "தலகாணி வடை" பண்ணலாமான்னாரு.

பிப்ரவரி 6, வெள்ளி

தட்டை செல்லு மட்டும்! பரோட்டா பரோட்டாவா இருக்கு! கோப்லெட் இல்ல! கேன்சர் இல்ல!

எழுதிட்டேன் பாருங்க, அந்த வார்த்தைய.

மேடம் ரிப்போர்ட்டப் படிச்சுச் சொன்னதும் மாமா "அப்போ இட்லி மேல தப்பில்லயா மேடம்?"னாரு. அம்மா அவரு முதுகுல ஓங்கி ஒரு அடி. அந்த ரூமே கேட்டுச்சு. அப்புறம் வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து அழுதா, "எங்க அப்பாவ எவனும் கேமரா விட்டுப் பாக்கலியே"ன்னு. நான் பக்கத்துல உக்காந்தேன். மிக்சிச் சத்தம் எதுவும் இல்ல.

பிப்ரவரி 12, வியாழன்

பலூன். கேலி இல்ல, நெஜமாவே பலூன். அந்தக் கதவுல வச்சு ஊதி இறுக்கத்த ஒடச்சு விட்டாங்க. நரம்பு திரும்பி வராதாம், கதவத்தான் தொறந்து வைக்க முடியுமாம். பின்னால மறுபடி ஊத வேண்டி வரலாமாம்.

"இனி நல்லா மென்னு, சின்னச் சின்ன வாயா, உக்காந்து சாப்பிடணும்"னாங்க மேடம்.

"சின்ன வாயா?" மாமா என்னப் பாத்தாரு. சேனல் பேரே "ஒரே வாய்".

"பேர மாத்திக்கலாம்ல?"ன்னாங்க நர்ஸக்கா.

பிப்ரவரி 21, சனி

ஷூட் பண்ணோம். வீட்டுலயே. அம்மா சுட்ட சாதா இட்லி, தேங்காச் சட்னி. மாமா சம்மணம் போட்டு உக்காந்து பிச்சு, தொட்டு, மென்னு, முழுங்குனாரு. இறங்கிருச்சு. அவருக்கே நம்பிக்க இல்ல, கொஞ்ச நேரம் நெஞ்சுல கைய வச்சுட்டு உக்காந்திருந்தாரு, ஏதாச்சும் வருதான்னு. வரல. அடுத்த வாய்.

எந்திரிக்கவே இல்ல. எந்திரிக்கத் தேவப்படல.

நாலு இட்லி. எங்கயும் வெட்டல, அப்படியே ஏத்திட்டேன். எங்க சேனல் வரலாறுலயே இவ்ளோ போரான வீடியோ கெடையாது.

பிப்ரவரி 22, ஞாயிறு

கமெண்ட்டு:

"ஸ்டெப்பு எங்க?"

"காசு பாத்ததும் மாமா மாறிட்டாரு."

"என்னடா இது, ஒருத்தன் இட்லி திங்கான்."

"டெடிகேஷன் போச்சு. அன்சப்ஸ்கிரைப்."

சடசடன்னு ஆளுங்க கழண்டு போறாங்க. அண்ணாச்சி ஃபிளெக்ஸ எறக்கிட்டாராம். மாமா எல்லாத்தையும் படிச்சாரு, "மத்தியானத்துக்கு என்னக்கா?"ன்னு அடுக்களைக்குள்ள போயி மூடியத் தூக்கிப் பாத்துட்டு தூங்கப் போயிட்டாரு.

அம்மா எங்க சேனல இதுவரைக்கும் ஒரு தடவ கூடப் பாத்ததில்ல. இன்னிக்கு என் போன வாங்கிட்டுப் போயி ஜன்னல் பக்கத்துல உக்காந்தா. நான் துணி காயப்போட்டுட்டு வந்தேன், பாத்துட்டு இருந்தா. குளிச்சுட்டு வந்தேன், மறுபடி மொதல்ல இருந்து ஓடுது. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுட்டு, மூஞ்சிய ஸ்கிரீன்ல ஒட்டி வச்சுட்டு, மாமா கழுத்தையே பாக்குறா. ஒவ்வொரு வாய்க்கும் அவளும் கூடவே முழுங்குறா.

"ஏட்டி, இத எத்தன பேரு பாத்திருக்காவ?"

"முன்னூத்திச் சொச்சம்மா. ரொம்பக் கம்மி."

"அதுல நான் எத்தன?"